இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் நான் பெறாமகள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்த ஒரு வாடிக்கையாளர் என்னைப் பார்த்துவிட்டு, "உது ஆர் புதுசா நிக்கிறது?" என்று கடைக்கார அக்காவிடம் கேட்டார். "வேலைக்கு வந்த பிள்ளை. இந்தியாவிலையிருந்து படிக்க வந்தது" என்றார் அக்கா. அதே மனிதர் சனிக்கிழமை காலையில் ரோல்ஸ் வாங்க வந்தார். நான் மாவுக் கையோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "இது என்ரை பெறாமகள். சும்மா கை உதவிக்கு வந்து நிக்கிறா" என்றார். அந்த மனிதர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ரோல்ஸ்தான் முக்கியம்.

பெறாமகள் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. கொத்து ரொட்டி போடுகிற அண்ணையிடம் கேட்டேன். "கூடப் பிறந்த சகோதரியின்ரை மகள்" என்றார் அவர், தகட்டைச் சுரண்டுவதை நிறுத்தாமல். நான் திருச்சிக்காரி. அக்கா யாழ்ப்பாணம். எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. கல்யாணம், கருமாதி என்று ஒன்றும் கிடையாது. செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் நான் எப்படி அவருடைய தங்கச்சி மகளானேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

படிப்பு விசாவில் கனடாவுக்கு வந்தவர்கள், வகுப்பு நடக்கிற மாதங்களில், கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் வேலை செய்யலாம். பெரிய விடுமுறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் எப்போதும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பாடங்களை விட்டு அரைநேரமாகிவிட்டால் அந்த இருபத்து நாலும் போய்விடும். மீறியது தெரிந்தால் இந்த விசா, படிப்பு முடிந்து வாங்குகிற வேலை அனுமதி, அதற்குப் பிறகு வருகிற எல்லாமே ஆட்டம் கண்டுவிடும். இதெல்லாம் எங்களைக் காப்பாற்றத்தானாம். கல்லூரியில் முதல் நாள் கூட்டத்தில் ஒரு அம்மணி அப்படித்தான் சொன்னார். நீங்கள் படிக்க வந்தவர்கள், உங்கள் படிப்பு கெடக் கூடாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கட்டணத்தை எங்களிடம் வாங்கும்போது இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். சம்பளம் வாங்காமல் உதவிக்குப் போனால் அது கணக்கில் வருமா என்று. காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான் என்று அவர் சொன்னார். அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வீடு என்றால் அக்காவின் வீடு. மல்வேர்ன் பகுதியில் ஒரு வரிசை வீட்டின் நிலவறையில் எனக்கு ஓர் அறை. கடை அங்கிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு பிளாசாவில் இருந்தது. இடியப்பம், கொத்து, ரோல்ஸ், அப்புறம் வார இறுதியில் விழா ஹோல்களுக்குப் போகிற பெரிய ஓடர்கள். மருத்துவ ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பு என்னுடையது. ஊசி போட்டு இரத்தம் எடுப்பது, அதைப் பரிசோதனைக்குத் தயார் செய்வது. கடைசித் தவணை முழுக்க ஒரு ஆய்வுக்கூடத்தில் பயிற்சி. அதை முடித்தால்தான் சான்றிதழ். திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு முடிந்ததும் கடையில் ஆறு மணி நேரம் நிற்பேன். வியாழக்கிழமையோடு என் இருபத்து நாலும் தீர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அக்கா நிலவறைப் படியில் வந்து நிற்பார்.

"பிள்ளை, நாளைக்கு அஜக்ஸிலை ஒரு சாமத்தியவீடு. முந்நூறு பேர். வெள்ளன ஒருக்கா வாங்கோவன்."

அஜக்ஸ் பக்கத்து ஊர். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடுகிற விழாவை அவர்கள் சாமத்தியவீடு என்பார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தைவிடப் பெரிதாகச் செய்வார்கள்.

"அக்கா, எனக்கு இந்த வாரம் மணி நேரம் முடிஞ்சிருச்சு."

"ஓம், தெரியும். நான் வேலைக்குக் கூப்பிடேல்லை. சும்மா வாங்கோ. கை உதவிக்கு."

"காசு வாங்காட்டியும் அது வேலைதான்னு காலேஜ்ல சொல்லிருக்காங்க."

"அவைக்கு எங்கட பழக்கம் விளங்குமே? ஊரிலை ஒரு வீட்டிலை கொண்டாட்டம் எண்டால் அயலட்டை எல்லாம் வந்து குந்தியிருந்து பலகாரம் சுடும். அதுக்கு ஆரும் மணித்தியாலம் பாக்கிறேல்லை. நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை."

அந்தப் பழக்கம் பொய் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி ஒரு கல்யாணம் வந்தபோது ஏழெட்டுப் பெண்கள் நிலவறையில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்து பயற்றம்பணியாரம் சுட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். என் தமிழைக் கேட்டுவிட்டு "என்ன பிள்ளை, சினிமாவிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்" என்று கலாய்த்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அங்கே யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்தக் கல்யாணப் பெண்ணைத் தெரியும். அஜக்ஸில் வயதுக்கு வந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் அப்பா அக்காவுக்குக் காசு கொடுத்து ஓடர் கொடுத்திருக்கிறார். அக்கா அந்த ஓடருக்கு என்னை அக்கம்பக்கத்து அயலட்டையாக்கி உட்கார வைத்தார். எவ்வளவு வசதி பாருங்கள். இருபத்து நாலு மணி நேரம் வரைக்கும் நான் வேலைக்காரி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் பெறாமகள்.

தெரிந்தும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். முதலில் அந்த அறை. இந்த நகரத்தில் அறை தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வேறு வேலையும் கிடைக்கவில்லை. வாரத்துக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் வருவேன் என்று சொன்ன உடனே பாதிக் கடைகளில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு அந்த வாயாலேயே "வர மாட்டேன்" என்று சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை.

போதாக்குறைக்கு என் அம்மா. ஒருநாள் வீடியோ அழைப்பில் இருந்தபோது அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்கட மகள் இஞ்சை என்ரை மகள் மாதிரி" என்று சொல்லிவிட்டார். அம்மா அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் யாரோ தெரிந்தவர் மூலமாக அக்காவுக்கு ஒரு சேலை வந்து சேர்ந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு அக்காவைப் பற்றி ஒரு குறை சொல்ல வாயெடுத்தால்கூட அம்மா, "அந்நிய தேசத்துல உனக்கு ஒரு சொந்தம் கிடைச்சிருக்கு, கெடுத்துக்காத" என்பார்.

கடையின் பின்பக்கம் இடியப்பம் அவிக்க ஒரு ஸ்டீமர் இருந்தது. ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், கீழே கொதிக்கிற தண்ணீர். அதன் கதவுக் கொக்கி நான் சேருவதற்கு முன்பே உடைந்திருந்தது. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பழைய துவாய்த் துண்டைக் கைப்பிடியில் சுற்றி இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொத்து அண்ணை என் முன்னாலேயே இரண்டு தடவை சொன்னார், ஆளைக் கூப்பிட்டுத் திருத்த வேணும் என்று. "ஓம், தீபாவளி ஓடர் முடியட்டும்" என்றார் அக்கா. தீபாவளி வந்தது, போனது. துவாய் அப்படியே இருந்தது.

தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை. அன்றும் ஒரு சாமத்தியவீட்டு ஓடர்தான். நான் ஸ்டீமருக்கு முன்னால் குனிந்து கீழே வைத்திருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். துவாய் அவிழ்ந்தது. கதவு தானாகத் திறந்து என் வலது கையில் இடித்தது. உள்ளேயிருந்த ஆவி மொத்தமும் அந்தக் கையின் மேல் வந்தது. நான் கத்தவில்லை என்று பிறகு அண்ணை சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்ததுதான் ஞாபகம். விரல்களின் மேல்தோல் வெளுத்து உரிய ஆரம்பித்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, உடனை" என்று அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா வெளிறிப் போயிருந்தார். உண்மையிலேயே பதறினார். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பதற்றம் அடங்கிவிட்டது.

"பிள்ளை, எங்கை சுட்டது எண்டு கேட்டினமெண்டால் வீட்டிலை சமைக்கேக்கை எண்டு சொல்லுங்கோ."

ஈரத் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். இந்த வாரம் உங்கட மணித்தியாலம் முடிஞ்சுதல்லோ. கூட வேலை செய்தது தெரிஞ்சால் உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். எனக்கு ஒண்டுமில்லை, நான் உங்களுக்காகத்தான் பாக்கிறன். விளங்குதோ?"

விளங்கியது. அந்த நிமிஷத்தில் எல்லாமே நன்றாக விளங்கியது. வெள்ளிக்கிழமை நான் சட்டத்தைச் சொன்னபோது அவருக்கு விளங்காத சட்டம், சனிக்கிழமை என் கை வெந்ததும் வரி பிசகாமல் விளங்கிவிட்டது. எங்களைக் காப்பாற்றத்தான் விதி என்று கல்லூரி அம்மணி சொன்னாரே, அந்த விதியை எடுத்து என் வாயில் துணியாக அடைத்தார் அக்கா. கை எரிந்ததைவிட வயிறு எரிந்தது.

மருத்துவமனையில் தாதி கேள்வி கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். வீட்டில் நடந்தது, இவள் என் சகோதரி மகள் என்று. தாதி எழுதிக்கொண்டார். உள்ளே டாக்டர் பார்க்கும்போது என்னோடு வேறு யாரும் வரக் கூடாது என்று அக்காவை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஓர் இளம் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். கிறிஸ்மஸ் கழிந்து எனக்குப் பயிற்சி ஆரம்பிக்கிறது, ஊசி பிடிக்க வேண்டும், இந்தக் கை பிடிக்குமா என்று. சரியான சிகிச்சை கொடுத்தால் பிடிக்கும் என்றார். தோல் ஆறும்போது இறுகும். வாரத்துக்குப் பல தடவை கைச் சிகிச்சையாளரிடம் போய் விரல்களை நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் அப்படியே விறைத்துக்கொள்ளும் என்றார். கல்லூரிக் காப்புறுதி மருத்துவமனைச் செலவோடு நின்றுவிடும். மாதக்கணக்கில் போகிற அந்தச் சிகிச்சையை அது தொடாது என்று எனக்குத் தெரியும். வேலையில் பட்ட காயம் என்றால் வேலையிடக் காப்புறுதி வாரியம் பார்த்துக்கொள்ளும். டாக்டர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் எந்தப் பாத்திரத்திலிருந்து இவ்வளவு ஆவி வந்தது என்று கேட்டார்.

எனக்கு எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. கை விறைத்தால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லையென்றால் நான் முழுநேர மாணவி இல்லை. முழுநேர மாணவி இல்லையென்றால் அந்த இருபத்து நாலும் இல்லை, விசாவும் இல்லை. உண்மையைச் சொன்னாலும் விசாவுக்கு ஆபத்து, பொய் சொன்னாலும் ஆபத்து. அப்படியென்றால் கையையாவது காப்பாற்றிக்கொள்ளலாமே.

"வேலையில்" என்றேன். "கடையில். வெளியில் உட்கார்ந்திருப்பவர் என் பெரியம்மா இல்லை. என் முதலாளி."

டாக்டர் தாதி எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். வாரியத்துக்குப் போகிற படிவத்தையும் நிரப்பினார்.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். நான் சொல்வதற்கு முன்பே விஷயம் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏண்டி, கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா? அந்தம்மா போன்ல அழுவுறாங்க. பாவம், மனசு ஒடிஞ்சு போயிட்டாங்க."

"வெந்தது என் கை. அழுவுறது அந்தம்மாவா?"

"உனக்கு எப்பப் பாத்தாலும் கோவம்தான். சொந்தமா நெனச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இடது கையால் எறிந்து பழக்கமில்லை. கட்டிலில் போட்டுவிட்டு அழுதேன்.

வாரியத்திலிருந்து கடைக்குத் தகவல் போன அன்றே, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அறையைக் காலி செய்து கொடுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினார். மில்லிக்கன் பகுதியில் என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் எடுத்திருந்த வீட்டில் ஒரு மூலையில் மெத்தையைப் போட்டுக்கொண்டேன். ஒற்றைக் கையால் பெட்டி கட்டுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி போனில் பேசினார். தன்மையான பெண்மணி. விசாவைப் பற்றியெல்லாம் நாங்கள் கேட்பதில்லை என்று முதலிலேயே சொன்னார். பிறகு, உங்கள் முதலாளி சொல்வது வேறு மாதிரி இருக்கிறதே என்றார். வார நாட்களில் நான் வேலை செய்தது உண்மை என்று அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். சம்பளச் சீட்டு இருக்கிறதே. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் வேலைக்கு வரவில்லையாம். குடும்பத்துக்கு நெருங்கிய பெண், விருப்பப்பட்டு உதவிக்கு வந்தேனாம். அது எங்கள் சமூகத்து வழக்கமாம். விருப்பப்பட்டு உதவ வந்தவருக்கு வாரியத்தின் காப்புறுதி கிடையாது.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை வேண்டுமானால் அந்தச் சனிக்கிழமை நான் வேலைதான் செய்தேன் என்று நானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் இருபத்து நாலு மணி நேரத்தைத் தாண்டினேன் என்பதையும் நானே நிரூபித்தவள் ஆவேன். எந்த நாட்டிலாவது இப்படி ஒரு கூத்து உண்டா? வெந்த கையைத் தூக்கிக்கொண்டு, நான் குற்றம் செய்தேன், நம்புங்கள், நம்புங்கள் என்று ஒருத்தி கெஞ்ச வேண்டுமாம்.

கொத்து அண்ணைக்குப் போன் பண்ணினேன். நடந்ததை நடந்தபடி சொல்வீர்களா என்று கேட்டேன்.

"பிள்ளை, நான் தகட்டுப் பக்கம் திரும்பி நிண்டனான். ஒண்டும் காணேல்லை."

"கையைப் பிடிச்சுத் தண்ணில வச்சது நீங்கதானே அண்ணை."

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். அவர் போனை வைக்கவில்லை, நான்தான் வைத்தேன். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அக்கா மேல் உள்ள கோபத்தைவிட அது ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் அவரை நான் நம்பியிருந்தேன்.

மிஞ்சியது அக்காவின் குரல்தான். அவர் எதையும் எழுத மாட்டார். எல்லாம் வாட்ஸப் குரல் செய்திகள். வாராவாரம் வெள்ளிக்கிழமை அனுப்பியவை என் போனில் அப்படியே இருந்தன. அதிகாரி ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்த்தார். வயதானவர் குரல், யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். "என்ரை குஞ்சு, நாளைக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்." மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் சின்னக் கோழிக்குஞ்சே என்று ஆங்கிலத்தில் சொன்னார். "செல்லம், வெள்ளன வந்தியளெண்டால் எனக்குப் பெரிய உதவி." "சாப்பிட்டிட்டியளே? நாளைக்கு ஆட்டுக்கறி வச்சிருப்பன், வாங்கோ." ஒன்றிலாவது வேலை என்ற சொல் இல்லை. ஒன்றிலாவது அதட்டல் இல்லை. போடப் போட, இவ்வளவு நாளும் என்னை யாரும் வேலை வாங்கவே இல்லையோ, கொஞ்சிக்கொண்டுதான் இருந்தார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு உறவினர் அன்பாக அழைப்பது போலத்தான் இருக்கிறது" என்றார் அதிகாரி.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவரிடம் கத்த வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் குரல் உயர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களில் யாரும் உத்தரவு போட மாட்டார்கள், மேடம். கொஞ்சிக்கொஞ்சியே தலையில் மிளகாய் அரைப்பார்கள். கடைசியாக ஒன்று போடுகிறேன், அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

அது நான் ஒரு சனிக்கிழமை பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று போகாமல் இருந்ததற்கு மறுநாள் வந்தது.

"குஞ்சு, நேற்று நீங்கள் வரேல்லை. எனக்கு மனம் சரியில்லை. அறையைக் கேட்டு வேறை ரெண்டு பிள்ளையள் நிக்கினம். உங்களை நினைச்சுத்தான் நான் குடுக்காமல் வச்சிருக்கிறன். வாற சனிக்கிழமை ஆறு மணிக்குக் கடையிலை நிக்கவேணும், என்ன?"

மொழிபெயர்ப்பாளர் நிதானமாக, ஒரு சொல்லையும் விடாமல், மென்மையையும் குறைக்காமல் சொன்னார். அதிகாரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. வராவிட்டால் அறை போய்விடும் என்று நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்று அதிகாரி கேட்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வேலை செய்தேன் என்று வாரியம் ஏற்றுக்கொண்டது. கைச் சிகிச்சை தொடங்கியது. இறுக்கமான ஒரு கையுறை, பிசைவதற்கு மாவு போன்ற ஒரு பொருள், விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுகிற பயிற்சி. வலி உயிர் போகும். சிகிச்சை கொடுத்த பெண் எண்ணிக்கொண்டே இருப்பார். நான் தமிழில் திட்டிக்கொண்டே செய்வேன். பயிற்சித் தவணை தொடங்கியபோது என்னால் ஊசியைப் பிடிக்க முடிந்தது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் நடுங்காமல். தவணையை முடித்தேன். சான்றிதழ் வாங்கினேன்.

அக்கா அதற்கு நடுவில் ஒரு தடவை கூப்பிட்டார். சண்டை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் தயாராகத்தான் எடுத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்கள் எங்களைக் காட்டிக் குடுப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை."

அந்த வார்த்தை அவர்கள் நடுவில் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். போர் நடந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அதைச் சும்மா சொல்ல மாட்டார்கள். வீட்டை விட்டு ஓடி, முகாம்களில் கிடந்து, இந்த நாட்டில் காகிதம் கிடைக்குமா கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் பயந்து வாழ்ந்தவர் அக்கா. அதையெல்லாம் அவரே கண்கலங்க எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை. காகிதம் இல்லாதவளின் பயம் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருத்தி இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விட்டுவிடலாம். இவருக்கு அந்தப் பயத்தின் ஒவ்வொரு முடிச்சும் தெரியும். எங்கே பிடித்து இழுத்தால் இறுகும் என்றும் தெரிந்திருந்தது.

"நான் யாரையும் காட்டிக் குடுக்கல, அக்கா. என் கையைத்தான் காட்டினேன்" என்றேன். அவர் அழ ஆரம்பித்தார். உண்மையான அழுகைதான். என்னைத் தன் பிள்ளையாகத்தான் நினைத்ததாகச் சொன்னார். அதையும் அவர் நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் போனை வைத்துவிட்டேன். கடை இப்போதும் நன்றாக ஓடுகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன்.

போன மாதம், படிப்பு முடித்தவர்களுக்கான வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தேன். வீட்டில் தோழிகள் மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெயர், பிறந்த ஊர், கல்லூரி எல்லாம் மளமளவென்று போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் எப்போதாவது கனடாவில் அனுமதியில்லாமல் வேலை செய்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் விளக்கம் எழுத ஒரு பெட்டி.

"இல்லைன்னு போடுடி" என்றாள் ஒருத்தி. "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. வாரியம் விசா பத்தியெல்லாம் கேக்காதுன்னு சொன்னாங்கல்ல. அப்புறம் யாருக்குத் தெரியும்?" அவளும் ஒரு கடையில் இருபத்து நாலுக்கு மேல் நின்றவள்தான். மற்ற இருவரும்தான். அவர்கள் அறியாதது ஒன்றுமில்லை. பொய் சொன்னது பிடிபட்டால் ஐந்து வருஷம் இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது. உண்மை சொன்னாலும் இந்த மேசையிலேயே எல்லாம் முடிந்து போகலாம்.

நான் உடனே ஒன்றும் அழுத்தவில்லை. விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறுபடி படித்தேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன். என்னடி தேடுகிறாய் என்று கேட்டார்கள். உங்களை யாராவது அனுமதியில்லாமல் வேலை வாங்கினார்களா என்று எங்கேயாவது ஒரு வரி கேட்டிருக்கிறார்களா என்று தேடினேன். எங்கேயும் இல்லை.

ஆம் என்ற கட்டத்தை அழுத்திவிட்டு, அந்தப் பெட்டியில் எழுத ஆரம்பித்தேன்.